அடுத்த வரியையும் எழுதியவர்

"சம்பந்தி போயிட்டாராம் சார்" என்று பெஞ்ச் கிளார்க் சொன்னபோது, யாருடைய சம்பந்தி என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அடுத்த வழக்கைக் கூப்பிடக் கிளம்பியவர், வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே, "அதான் சார், கேடி சம்பந்தி. நேத்துச் சாயங்காலம், ஆவூர்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நன்னடத்தை அதிகாரி சவரிமுத்து இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். திருடர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறார், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் இலை போட்டுச் சாப்பிடுகிறார் என்பதற்காக ஒரு போலீஸ்காரர் வைத்த பட்டம் அது. புதுக்கோட்டைக் கச்சேரி வளாகத்தில் டீக்கடை வரைக்கும் பரவியிருந்தது. செத்த பிறகாவது அந்த மனிதரின் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

அன்று பிற்பகலே வக்கீல்கள் கூடி இரங்கல் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தைப் படித்தவர், அந்நாளில் சர்க்கார் வக்கீலாக இருந்து இப்போது ஓய்வில் இருக்கும் பெரியவர். "நேர்மையே உருவானவர். அன்னாரது அறிக்கைகள் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டின" என்று குரல் கம்மப் படித்தார். வழிகாட்டினவாம்! எந்த வழி? திருச்சி ஜெயிலுக்குப் போகிற வழியா? இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவர்கள், போன பிறகு பால் ஊற்ற வந்து நிற்கிறார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தாய், மரியாதையா அது என்று பல நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும், சவரிமுத்துவை அறிந்த மற்றவர்களுக்கும் இதுதான் என் பதில்.

சமஸ்தானம் போய், நம் ஊர் மதராஸ் மாகாணத்தோடு சேர்ந்த புதிதில் அவர் இங்கே வேலைக்கு வந்தார். போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை, இவருக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்று எல்லோரும் பார்த்தோம். குற்றம் ருசுவான ஆளுக்குத் தண்டனை சொல்வதற்கு முன்னால், அவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வெளியே விடலாமா என்று விசாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. மற்ற ஊர்களில் அந்த வேலையில் இருந்தவர்கள் நாலு வரி எழுதுவார்கள்: நல்ல குடும்பம், முதல் குற்றம், விடலாம். அல்லது, கெட்ட சகவாசம், விட வேண்டாம். சவரிமுத்து அப்படி எழுத மாட்டார். இந்தக் காரியம் இவனிடம் எங்கிருந்து வந்தது, எது அதற்குத் தீனி போடுகிறது, எதைச் செய்தால் நிற்கும் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கண்டுபிடித்து எழுதுவார். மனோதத்துவப் புத்தகங்களைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் படிப்பார். ஆனால் சப்ஜெயிலில் கைதியின் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையைக் காம்பு கிள்ளி மடித்து நீட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். வார்டர் முறைப்பார். இவர் அவருக்கும் ஒன்று மடித்துக் கொடுப்பார்.

அவருடைய கேள்வியே தலைகீழான கேள்வி. "ஏன்டா செஞ்சே?" என்று உலகமே கேட்கும். இவர், "செய்யாத நாளு எது, அதைச் சொல்லுப்பா" என்பார். பஸ் ஸ்டாண்டில் ஜேப்படி அடித்துப் பிடிபட்ட என் கட்சிக்காரன் ஒருவனை நான் முதலில் கேலியோடுதான் அவரிடம் விட்டேன். "செய்யாத நாளா? அவன் மூச்சு விடாத நாளைக் கேளுங்க" என்றேன். அவன் யோசித்து யோசித்து, அரிமளத்திலிருந்து அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற நாளில் மட்டும் கை போகாது என்று சொன்னான். தோளில் பிள்ளை இருக்கிறதே, பிடிபட்டு அடி விழுந்தால் பிள்ளை பார்க்குமே! சவரிமுத்து அதைப் பிடித்துக்கொண்டார். அக்கா வீட்டோடு இருக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவன் பொறுப்பு என்று எழுதினார். கோர்ட்டே சிரித்தது, ஆனால் விட்டது. இன்றைக்கு அவன் ஒரு பஸ்ஸில் கிளீனர். என் பெட்டியை அவன்தான் மேலே தூக்கிப் போடுகிறான். நான் மட்டும் பழக்கதோஷத்தில் என் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படி நல்லதாக முடிந்ததையே எழுதிக்கொண்டு போனால் நானும் அந்த இரங்கல் தீர்மானத்தைப் போட்டவர்களில் ஒருவனாகிவிடுவேன். அடைக்கனைப் பற்றி எழுத வேண்டும்.

கறம்பக்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தப் பண்ணைவீட்டார் இன்றும் செல்வாக்காகத்தான் இருக்கிறார்கள். அடைக்கன் அங்கே பயிர்க்காவல் பார்த்தவன். தகப்பன், பாட்டன் எல்லோருக்கும் அதே வேலை. அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றியதும், ஊர் வேலைக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் பங்கை அளந்து போடுவார்கள். அந்தப் பங்குக்கு நம் பக்கத்தில் 'சுதந்திரம்' என்று பெயர். விவசாயம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தை மாதம் பண்ணையின் வைக்கோல்போர் பற்றி எரிந்தது. அடைக்கன் ஓடவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது, "சொதந்தரம் வரலைங்க, அதான் வச்சேன்" என்றான்.

அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். நாட்டுக்கு வந்த சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளாதவன், அதை எதிர்த்து நெருப்பு வைத்தவன் என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டார். அடைக்கனுக்காக வழக்கை எடுத்து நடத்திய நான் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எழுதப்படிக்கத் தெரியாத அந்தக் காவல்காரனிடம், ரகசியக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றுபோனது. மாஜிஸ்திரேட்டிடம் அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று விளக்கி, அரசியல் பேச்சைத் தள்ளுபடி செய்ய வைத்தேன். மீதி இருந்தது வைக்கோல்போர்தான். குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டான். முதல் குற்றம். சவரிமுத்துவின் அறிக்கை வந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். ஒரு நாளில் முடியும் என்று நினைத்தேன், திரும்பத் திரும்பப் போனார். வந்ததும் என்னிடம், "வக்கீல் சார், நெல்லு இந்த வருஷம் நிக்கலை. போன வருஷமே நிறுத்திட்டாங்க. போன வருஷம் இவன் ஏன் வைக்கலை?" என்று கேட்டார். எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி அது. போன வருஷம், மகசூல் கம்மி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவனும் சரியென்று போய்விட்டான். இந்த வருஷம் எல்லோர் பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகும் துண்டை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறான். பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, "நாட்டுக்கே சொதந்தரம் வந்துருச்சு, ஒனக்கு மட்டும் தனியா என்னத்துக்குடா?" என்றாராம். களமே சிரித்ததாம். அவன் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்திருந்த சம்பந்தக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து தெருப்பிள்ளைகள் அவனை 'சொதந்தரம், சொதந்தரம்' என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கின்றன. அந்த வாரம்தான் போர் எரிந்தது.

"நெருப்பு வச்ச கையையே எல்லாரும் பாக்குறாங்க. அந்தக் கை அதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் துண்டை ஏந்திக்கிட்டு நின்னுச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை" என்று சவரிமுத்து சொன்னார். இதை நான் அப்படியே வாதத்தில் பயன்படுத்தினேன். மாஜிஸ்திரேட் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையை ஒப்படைப்பதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லாம் பொன்னாக இருந்தது, ஒரு வரியைத் தவிர. பெயரைக் கூப்பிடாவிட்டால் அடுத்த அறுவடையிலும் வைப்பேன் என்று அடைக்கன் இவரிடம் சொல்லியிருக்கிறான். அதையும் எழுதியிருந்தார். "யோவ், வேலியில போற ஓணானை எடுத்து ஏன்யா மடியில விடுறீங்க? அந்த வரியை அடிச்சிருங்க" என்று கத்தினேன். "அடுத்த வரியையும் படிங்க" என்றார். களத்தில் எல்லோர் முன்பாகவும் பெயரைக் கூப்பிட்டு ஒரு கைப்பிடி நெல் கொடுத்தால்கூடப் போதும், இவனால் யாருக்கும் ஒரு தீங்கும் வராது, பண்ணைக்காரரை அழைத்து இதற்கு இணங்கச் செய்து இவனை விடலாம் என்று இருந்தது. "இது இல்லாம அது நிக்காது வக்கீல் சார். நோயை மறைச்சிட்டு மருந்தை மட்டும் எழுதுனா, எதுக்குக் குடுக்குறோம்னு யாருக்குத் தெரியும்?" என்றார். மருந்தை யார் கேட்டார்கள், ஆளை வெளியே கொண்டு வந்தால் போதாதா என்று நான் எவ்வளவோ மன்றாடினேன். மனிதர் அசையவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

நான் பயந்ததுதான் நடந்தது. சர்க்கார் வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்த ஒரு வரியை எழுந்து நின்று இங்கிலீஷிலேயே படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பண்ணைக்காரரோ, "என் களத்துல யாரு பேரைக் கூப்புடுறதுன்னு சர்க்கார் வந்து சொல்லுமாக்கும்?" என்று கேட்டார். மாஜிஸ்திரேட் அதில் நியாயம் கண்டார். அடைக்கனைக் கடுங்காவல் தண்டனைக்கு அனுப்பினார்கள்.

தண்டனை முடிந்து அவன் வெளியே வந்தபோது மறுபடியும் அறுப்புக் காலம். நேரே களத்துக்குப் போய் நின்றிருக்கிறான். ஊரே பார்த்திருக்கிறது. ஒரு வார்த்தை, "அடைக்கா, வா" என்று ஒரு வார்த்தை, யார் வாயிலிருந்தும் வரவில்லை. இந்தத் தடவை காற்றடித்து, போரில் வைத்த நெருப்பு மாட்டுக்கொட்டகைக்குத் தாவியது. கட்டிக் கிடந்த மாடுகள் கருகிச் செத்தன. அடைக்கன் கயிற்றை அறுக்க உள்ளே ஓடி, கையெல்லாம் வெந்து பிடிபட்டான். அந்த வாயில்லா ஜீவன்களுக்கு யார் பதில் சொல்வது? அவனை நான் நியாயப்படுத்தவில்லை. சவரிமுத்துவும் நியாயப்படுத்தவில்லை. "அவன் செஞ்சது பாவம். அதைத் தடுக்கலாம்னு தெரிஞ்சும் தடுக்காததுக்கு என்ன பேரு?" என்றுதான் கேட்டார்.

வழக்கு செஷன்ஸுக்குப் போனது. அங்கே சர்க்கார் தரப்புச் சாட்சியாக யாரை அழைத்தார்கள் தெரியுமா? சவரிமுத்துவை! திருந்தாத ஆள் என்று காட்ட அவருடைய பழைய அறிக்கையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதே சர்க்கார் வக்கீல், இன்று நாத்தழுதழுக்கத் தீர்மானம் படித்த அதே பெரியவர், காகிதத்தை நீட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். "ஆமா." "மறுபடியும் நெருப்பு வைப்பேன்னு எதிரி உங்ககிட்டச் சொன்னதா எழுதியிருக்கீங்க. சரிதானே?" "சரிதான். அடுத்த வரியில..." "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்." எதிரிக் கூண்டில் நின்ற அடைக்கனுக்கும் புரிய வேண்டும் என்று நீதிபதி சொன்னதால், சர்க்கார் வக்கீல் அந்த வரியைத் தமிழாக்கி உரக்கப் படித்தார்.

என் குறுக்கு விசாரணையில் அடுத்த வரியைப் படிக்க வைத்தேன். அதுவும் பதிவாயிற்று. "பெயரைக் கூப்பிட வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயாவது இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். என்னத்தைச் சொல்ல!

எதிரி ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்கள். அடைக்கன் நீதிபதி பக்கமே திரும்பவில்லை. சாட்சிக்கூண்டைப் பார்த்து, "ஐயா, வெத்தலை மடிச்சுக் குடுத்தீகளே, அப்பச் சொன்னதா இது? நான் ஒங்ககிட்டல்ல சொன்னேன். இவுககிட்டயா சொன்னேன்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான். சாட்சி முடிந்துவிட்டது, இறங்கலாம் என்று டவாலிச் சேவகர் சவரிமுத்துவின் தோளைத் தொட வேண்டியிருந்தது.

நீண்ட தண்டனை. கைதிகளைப் பார்க்க விடுகிற ஒவ்வொரு மனுநாளுக்கும் சவரிமுத்து பஸ் ஏறித் திருச்சி ஜெயிலுக்குப் போவார். பெயரைச் சொல்லி அனுப்புவார். "வரமாட்டேங்குறான் சார்" என்று வார்டர் திரும்பி வருவார். நேரம் முடிகிற மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார். வேறொரு வேலையாகப் போன நான் ஒரு முறை அதை நேரில் பார்த்துவிட்டு, உமக்குப் புத்தி கெட்டுவிட்டதா, மானம் வேண்டாமா என்று ஏசினேன். அவர் சொன்னார்: "அவன் முடியாதுன்னு சொல்றதுக்கு இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான் மிச்சம் இருக்கேன் வக்கீல் சார். அதையும் பறிக்கச் சொல்றீங்களா?" அடைக்கன் கடைசிவரை வரவில்லை. தண்டனை முடியும் முன்னே வயிற்றுப்போக்கு கண்டு ஜெயில் ஆஸ்பத்திரியில் செத்தான். அவன் பெண்சாதியோடு கூடப் போய்ப் பிணத்தை வாங்கியவர் சவரிமுத்துதான்.

அதற்குப் பிறகு அவர் எழுதும் முறை மாறியது. ஆபத்தையும் பரிகாரத்தையும் இரண்டு வரியாகப் பிரிக்காமல், எங்கே வெட்டினாலும் அர்த்தம் கெட்டுப்போகிற மாதிரி ஒரே நீளவாக்கியமாக எழுதத் தொடங்கினார். அவருடைய இங்கிலீஷைப் படிக்க மூச்சு வாங்குகிறது என்று மாஜிஸ்திரேட்டுகள் கேலி செய்தார்கள். நம் வக்கீல் நண்பர்களும் சேர்ந்து சிரித்தார்கள். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஏன் அப்படி எழுதினார் என்று ஒருவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

போன மாதம் ஆவூருக்குப் போய்ப் பார்த்தேன். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூச்சுக்கும் பேச்சுக்கும் சண்டையாக இருந்தது. நோயாளியிடம் கேட்கக் கூடாததுதான், ஆனால் இத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடந்த கேள்வி. "சவரிமுத்து, அன்னைக்கு அந்த ஒரு வரியை அடிச்சிருந்தா அடைக்கன் இன்னைக்கு உசிரோட இருப்பான். மாடுகளும் பொழச்சிருக்கும். இப்ப அவன் வந்து அதையே சொன்னா எழுதுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவருடைய மனைவி என்னை முறைத்தார்கள்.

"எழுதுவேன்" என்றார். எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா மொதல்ல அவனுக்குப் படிச்சுக் காட்டுவேன். இதுதான்ப்பா ஒன்னைப் பத்தி எழுதியிருக்கேன், இது நீதானா, இதைக் குடுக்கட்டுமான்னு அவனைக் கேப்பேன்" என்றார்.

அந்த வரியை அடித்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். அவர் கல்லறைக் குழியில் மண் போடும்போதும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன். அந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும். ஆனால் போன மாதம் ஆவூரிலிருந்து திரும்பியதிலிருந்து, யாரைப் பற்றியும் என் கையெழுத்தில் ஒரு காகிதம் கோர்ட்டுக்குப் போகுமுன், அந்த ஆளை எதிரே உட்கார வைத்துத் தமிழில் படித்துக் காட்டுகிறேன். குமாஸ்தா நேரம் போகிறது என்று முனகுகிறார். முனகட்டும். சவரிமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். அடைக்கன், தன்னைப் பற்றி எழுதியிருந்ததை முதன்முதலாகக் கேட்டது சர்க்கார் வக்கீலின் வாயிலிருந்துதான்.